கலக்காத லவங்கி

என் மேல் எப்போதும் மிளகாய் வாடை அடிக்கும். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. தாராவியில் லேபர் கேம்ப் பக்கம் என் மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே மசாலா அரைக்கிற மெஷின். லோக்கல் டிரெயினில் என் பக்கத்தில் உட்காருகிறவர் அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் தும்மிவிடுவார். அதில் எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. அந்த வாடைதான் எங்களைத் தாராவியின் ஒற்றை அறைச் சாலிலிருந்து செம்பூர் ஃப்ளாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த வாடைதான் என் பெண்ணைக் குதிரை மேலும் ஏற்றி வைத்தது.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. என் பெண் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அரைப் பக்கத்துக்குள் பொறுமை போய், போனை எடுத்துக்கொள்வாள். அவள் படிக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. படித்துவிட்டு, "டிராமா பண்ணாதீங்கப்பா" என்பாள். அதை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கில்லை.

பள்ளிக்கூடத்து லீவு கேம்ப்பில்தான் அவள் முதன்முதலாகக் குதிரை ஏறினாள். தாணேயைத் தாண்டி ஒரு ரைடிங் ஸ்கூல். மற்றப் பிள்ளைகள் ஏற மாட்டேன் என்று அழுதன. இவள் இறங்க மாட்டேன் என்று அழுதாள். கோவண்டியில் இருக்கிற என் மச்சினர் வீட்டில் கேலிக்குக் குறைச்சல் இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப் போகிறீர்களா என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களில் யாரும் குதிரையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது கூடக் கிடையாது. அந்தக் கேலியே எனக்கு வீம்பாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

பிடிவாதம் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. பள்ளிக்கூடம் சேர்த்த பிறகும் கட்டைவிரல் சூப்புவதை விடவில்லை. வேப்பெண்ணெய் தடவியாயிற்று, துணி சுற்றியாயிற்று. கடைசியில் என் மனைவி, நம்ம மெஷினில் அரைத்த மிளகாயைக் குழைத்து விரலில் பூசிவிட்டாள். குழந்தை வாயைத் திறந்துகொண்டு வீடெல்லாம் ஓடியது. ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிட்டாள். நம்ம சரக்கின் தரம் அப்படி என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைப்பேன். எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

அவளுக்குக் கிடைத்த குதிரை ரேஸில் ஓடிக் கழிந்த பெண் குதிரை. காபிக்கொட்டை நிறம். நெற்றியில் விபூதி கலைந்த மாதிரி ஒரு வெள்ளை. ரேஸ் ஆட்கள் வைத்திருந்த இங்கிலீஷ் பேரை மாற்றி, என் பெண் அதற்குத் தமிழில் ஒரு பேர் வைத்தாள். எங்கள் வீட்டில் தமிழில் அவள் தானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அந்தப் பேரை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

நல்ல சுபாவம் அதற்கு. கடையிலிருந்து அச்சு வெல்லம் கொண்டுபோவேன். என் காரைக் கண்டதுமே லாயத்துக் கதவுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். வெல்லத்தைத் தின்றுவிட்டு என் சட்டைப் பையை முகர்ந்து பார்க்கும். தும்மும். மறுபடியும் முகரும். என் வாடையை முகம் சுளிக்காமல் சகித்துக்கொண்ட ஒரே வெளி ஆள் அதுதான் என்று வீட்டில் வந்து சொல்வேன்.

என் பெண் பயின்றது தாண்டுகிற போட்டி. வரிசையாகக் கட்டைகள் வைத்திருப்பார்கள். குதிரை ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். கட்டை விழுந்தால் மார்க் போயிற்று. குதிரைக்கு வேகம் இருந்தது, தைரியம் இருந்தது. ஆனால் முன்னங்காலை முழுசாக மடக்காது. எங்காவது ஒரு கட்டையை உரசித் தள்ளிவிடும். மாநில அணிக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் அந்த ஒரு கட்டையில் என் பெண் வெளியே நின்றாள். அவளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் ஜூனியரில் இடம் கிடையாது. திரும்பி வருகிற வழியெல்லாம் கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

பயிற்சியாளர் ஒரு மெல்லிய மனிதர். குரலே எழாது. பெற்றோர் முன்னால் சாட்டையைக் கையால் தொட மாட்டார். இங்கே குதிரையை அன்பால் பழக்குகிறோம் என்று சேர்க்கும்போதே சொன்னார். சுவரில்கூட அப்படித்தான் எழுதிப் போட்டிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது போதும். சுவரில் எழுதியிருந்தால் நம்பிவிடுவோம்.

அந்த மழைக்காலம் முடிந்த சமயத்தில் என் பெண் கடைக்கு வந்தாள். லாயத்தில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்களாம், மிளகாய்த்தூள் வேண்டுமாம், நல்ல காரமாக. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குதிரை விஷயத்தில் நான் வாய்பொத்தி நிற்கிற ஆள். மிளகாய் விஷயத்தில் வாருங்கள். நிறத்துக்குப் பேட்கி மிளகாய், காரத்துக்கு லவங்கி மிளகாய், ரெண்டையும் அளவாகக் கலந்து அரைத்து, கடைப் பேர் போட்ட டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறே தகவல் வந்தது. கலக்க வேண்டாமாம், வெறும் லவங்கி போதுமாம்.

வெறும் லவங்கியை யாரும் சமைக்க மாட்டார்கள். அரைக்கும்போது என் ஆட்களே முகத்தில் துணி கட்டிக்கொள்வார்கள். கை எரிந்தால் தண்ணீருக்கு அடங்காது, தேங்காய் எண்ணெய்தான் போட வேண்டும். இதைச் சாப்பிட்டால் குடல் வெந்துபோகும் என்று சொன்னேன். அவங்களுக்குப் பழக்கம்ப்பா என்றாள். உழைக்கிற நாக்கு, காரம் கேட்கிறது என்று நானே எனக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டு அரைத்துக் கொடுத்தேன். முப்பது வருஷம் மிளகாய் விற்றவனின் மூளை அன்றைக்கு இவ்வளவுதான் வேலை செய்தது.

கொஞ்ச நாளில் குதிரை தாண்ட ஆரம்பித்தது. அதற்கு முன் தாண்டியதெல்லாம் தாண்டலே இல்லை என்கிற மாதிரி. முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுபோய் ஒட்டும். கட்டைக்கு மேலே ஒரு முழம் சும்மா கிடக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் குரூப்பில் எல்லாம் போட்டேன். கோவண்டி வீட்டுக்கு மட்டும் தனியாகவும் அனுப்பினேன்.

அதே சமயத்தில்தான் குதிரை என்னை விட்டு விலகியது. காரைக் கண்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெல்லத்தை நீட்டினால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஒதுங்கும். போட்டிக்குத் தயாராகிற குதிரை அப்படித்தான் இருக்கும் என்றார் பயிற்சியாளர். கடையிலிருந்து நேராக வராதீங்கப்பா, குளிச்சுட்டு வாங்க என்றாள் என் பெண். குளித்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அப்போதும் அது சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. ஒரு குதிரை கோபித்துக்கொண்டதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு வருத்தப்படலாமா என்று என் மனைவி கேலி செய்தாள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது.

அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மத்தியானம் என் மனைவியும் என்னோடு லாயத்துக்கு வந்தாள். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள்.

"இந்த வீடியோவ ஊரே பாத்திருக்குல்லா. பிள்ளைக்கு மட்டும் சுத்திப் போட்டா போதுமா, குதிரைக்கும் போடணும். அதுமேலதான் முக்காவாசிக் கண்ணு" என்றாள்.

கல்லுப்பு, கடுகு, ஒரு பிடி வற்றல் மிளகாய். குதிரை எப்படி மூணு தடவை துப்பும் என்று கேட்டேன். அதுக்காக இவ துப்பட்டும் என்று பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டினாள். மூணு பேரும் சிரித்தோம். அதுதான் நாங்கள் மூணு பேரும் சேர்ந்து சிரித்த கடைசித் தடவை.

மிளகாயைக் கைக்குள் மூடிக்கொண்டு என் மனைவி குதிரையின் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனாள். அது மூச்சை ஒருதடவை உள்ளே இழுத்தது. அவ்வளவுதான். பின்னங்காலில் எழும்பிக் கதவை இடித்துக்கொண்டு மூலைக்குப் போயிற்று. உடம்பு முழுக்க நடுங்கியது. முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கியது, சுடுகிற தரையில் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி. இன்னும் யாரும் அதைத் தொடவில்லை. கட்டை எதுவும் இல்லை. மிளகாய் வாடைக்கே காலைத் தூக்கியது.

என் மனைவி பயந்துபோய், பாத்தீங்களா, எவ்வளவு கண்ணு பட்டிருக்கு என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கதவுக்கு வெளியே கொக்கியில் அதன் கால் பூட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. தாண்டும்போது முன்னங்காலைச் சுற்றிப் போடுகிற தடித்த உறை. ஒன்றை எடுத்து உள்பக்கத்தை முகர்ந்து பார்த்தேன். என் கடை மணத்தது. வெறும் லவங்கி, எண்ணெயில் குழைத்தது.

என் பெண்ணைப் பார்த்தேன். அவள் பூட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாதவள் என்ன அது என்று கேட்டிருப்பாள்.

மனைவியைக் காருக்குப் போகச் சொல்லிவிட்டு அவளைக் கேட்டேன். மறைக்கவில்லை. முதலில் இந்தியில் சொன்னாள், பிறகு எனக்காகத் தமிழில். எல்லா இடத்திலும் செய்கிறதுதானாம். தோல் எரிந்துகொண்டே இருந்தால், கட்டை லேசாகப் பட்டாலும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். வலிக்கும் என்று தெரிந்தால் காலை மடக்கும். போட்டிக்கு முன்னால் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. காயமில்லை, ரத்தமில்லை. ஒரு பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஏட்டி, அது வாயில்லாத சீவன்லா" என்றேன். கோபம் வந்தால் எனக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சுதான் வாயில் வரும்.

"எனக்கு வாய் இருந்துச்சே. விரல்ல பூசினப்போ நான் கத்தினேன்ல? நீங்க வீடியோ எடுத்தீங்க. இப்பவும் கல்யாண வீட்ல அதச் சொல்லித்தானே சிரிக்கிறீங்க. அப்புறம் நான் விரல் சூப்பலையே. நல்லாத்தானே வளர்ந்திருக்கேன்?"

அவள் குத்திக்காட்டவில்லை என்பதுதான் என்னை வதைக்கிறது. உண்மையாகவே அதை ஒரு நியாயமாகத்தான் சொன்னாள்.

வெளியே ரோட்டோரக் கடைக்கு ஓடிப்போய் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில் வாங்கி வந்தேன். கதவைத் திறந்துகொண்டு குதிரையிடம் போனேன். நான் ஒரு அடி வைத்தால் அது ஒரு அடி பின்னால் போயிற்று. சுவர் வந்த பிறகும் பின்னால் போகப் பார்த்தது. அதற்கு நான் யார்? மிளகாய் நடந்து வருகிறது. அவ்வளவுதான். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எரிச்சலுக்கு மருந்து தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். என்னால் அதன் பக்கத்தில் போக முடியவில்லை.

திரும்பி வந்து பாட்டிலைப் பெண்ணிடம் கொடுத்தேன். அவளிடம் அது நிற்கும். பூசுகிற கையும் அவளுடையதுதான், தீவனம் கொடுக்கிற கையும் அவளுடையதுதான், பாவம் அதற்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. நீ போய்த் தடவிவிடு, போட்டி போனால் போகட்டும் என்றேன். அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது என்றே நினைக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனோ என்னவோ.

"நாளைக்கு முடியட்டும்ப்பா. முடிஞ்சதும் போட்டுடறேன். சத்தியமா" என்றாள். பாட்டிலைத் தன் கிட் பையில் வைத்துக்கொண்டாள்.

பயிற்சியாளரிடம் போனேன். அவர் முழுசையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுக்கவே இல்லை. புகார் கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள் சேட், டப்பாவில் யார் கடைப் பேர் போட்டிருக்கிறது, கொண்டுவந்து கொடுத்தது யார் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்றார். அதே மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். குதிரைதானே, மனுஷன் இல்லியே, பிள்ளையோட வருஷம் போயிருமே என்று சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டியை நடத்துகிற அதிகாரியைத் தேடிப் போனேன். தொப்பி வைத்த பெரியவர், மரியாதையாகப் பேசினார். நான் சொன்னதும் முகம் மாறியது. உடனே வந்து பூட்டுகளைக் கழற்றச் சொன்னார். போட்டிக்கென்று வேறு ஜோடி மாட்டியிருந்தார்கள். கால்கள் பளிச்சென்று கழுவியிருந்தன, குதிரைக்குப் போடுகிற சோப்பு மணந்தது. கழுவினால் மிளகாய் போகும், எரிச்சல் போகாது. அவர் விரலால் தொட்டதும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. தோல் கொஞ்சம் மென்மை என்றார் பயிற்சியாளர். அதிகாரி என் பெண்ணைப் பார்த்து, உன் அப்பா சொல்வது நிஜமா என்று கேட்டார். அது ஒன்றுதான் அவரால் கேட்க முடிந்தது. நானும் அதைத்தான் நம்பி இருந்தேன்.

"அப்பாவுக்கு மிளகாய் வியாபாரம் சார். எங்க போனாலும் அவருக்கு அந்த வாடைதான் அடிக்கும்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் புன்னகை செய்தார். என் தோளைத் தட்டி, பெண் மேல் உள்ள பாசத்தில் பெற்றவர்களுக்குப் பதற்றம் வருவது சகஜம் என்றார். என் சட்டையை நானே ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். நாறத்தான் செய்தது.

அன்றைக்கு ஒரு கட்டைகூட விழவில்லை. அந்தக் குதிரை தாண்டியதைப் பார்த்து, என்ன மனசோடு தாண்டுகிறது பாருங்கள் என்று எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மாள் சொன்னாள். எங்கே கட்டை பட்டுவிடுமோ என்கிற திகிலில் அது உயிருக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கத் தெரியாதவர்களுக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் தெரியும். என் மனைவி எழுந்து நின்று கை தட்டினாள். தட்டிக்கொண்டே அழுதாள். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் குதிரை இப்போது அங்கே இல்லை. சீசன் முடிவதற்குள் முன்னங்காலில் தோல் உரிந்து புண்ணாகி, பூட்டு போட முடியாமல் போய்விட்டது. நல்ல இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். எந்த இடம் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். என் பெண்ணுக்கு வேறு குதிரை கொடுத்திருக்கிறார்கள். அது தானாகவே காலை மடக்குமாம். கடையில் வெறும் லவங்கி கேட்டு யார் வந்தாலும் எதற்கு என்று கேட்கிறேன். மனுஷன் தின்னத்தான் சேட் என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள்.

ஜெயித்த அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மெடலைக் கழுத்தில் போட்டபடியே என் பெண்ணை ஹாலில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, அவள் அம்மா சுற்றிப் போட்டாள். முந்தின நாள் குதிரைக்கென்று கொண்டுபோன அதே மிளகாய். துப்பச் சொன்னாள், துப்பினாள். அடுப்பில் போட்டதும் நெடி வீடு முழுக்க அடித்தது. நெடி வந்தால் கண் படவில்லை என்று கணக்கு. பாருங்க, ஒருத்தர் கண்ணும் படல என்று இருமிக்கொண்டே சந்தோஷப்பட்டாள் என் மனைவி. நாங்கள் ஜன்னல்களைத் திறந்துவிட்டோம்.

நெடி அடங்கிய பிறகும் என் பெண் கையை உதறிக்கொண்டிருந்தாள். பூசியதும் கழுவியதும் அவள் கைதானே, விரலெல்லாம் சிவந்து கிடந்தது. கடிவாளம் பிடிச்சுப் புண்ணாயிருச்சோ, ஏதாவது போடுட்டி என்று அவள் அம்மா பதறினாள். என் பெண் எழுந்துபோய்க் கிட் பையைத் திறந்து, அடியில் கையை விட்டுத் துழாவி, நான் வாங்கிக் கொடுத்த அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். சீல் உடைகிற சத்தம் கேட்டது. அவள் என் பக்கம் பார்க்காமல், ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டாள்.